முழங்கையில் இரண்டு விரல்

கொண்டை மிஸ் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வாசல் வாட்ச்மேனிலிருந்து முதல் வகுப்பு வாண்டுகள் வரை எல்லாருக்கும் தெரியும். முடியை அள்ளிச் சுருட்டி, ஊசிக்குப் பதிலாக ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு வருவாள். முதல் இடைவேளைக்குள் எந்தப் பிள்ளையாவது அந்தப் பென்சிலை இரவல் வாங்கிவிடும், கொண்டை அவிழ்ந்து தோளில் விழும், இன்னொன்றைத் தேடிச் செருகிக்கொள்வாள். அவள் டீச்சர் இல்லை. டீச்சருக்கு உதவியாள். பாடம் நடத்துவது டீச்சர் வேலை. ஒழுகுகிற மூக்கைத் துடைப்பது, சிக்கிக்கொண்ட ஜிப்பை இழுத்துவிடுவது, வண்ணக் காகிதத்தைக் கத்தரித்து வைப்பது, வரிசை நகரும்போது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நடப்பது எல்லாம் இவள் பாடு. ஒரு தடவை ஒரு அப்பா, "நீங்க டீச்சரா, இல்ல சும்மாவா?" என்று கேட்டாராம். "சும்மாதான்" என்று இவளும் பதில் சொல்லிவிட்டு, உதவியாளர்கள் டீ குடிக்கிற சாமான் அறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அந்தச் 'சும்மா' மனசில் ஒரு ஓரமாகத் தங்கிவிட்டது.

மூன்றாம் வகுப்பில் அவளுக்கென்று ஒரு பிள்ளை இருந்தாள். பதிவேட்டில் நீளமாக ஏதோ பெயர், அம்மா கூப்பிடுவது மிளகு. ஆள் சின்னவள், கண் கருகரு, பெயருக்கு ஏற்ற காரம் மட்டும் கிடையாது. பேச்சும் குறைவு. கேட்டதற்கு ஒரு சொல் வந்தால் அது நல்ல நாள். பென்சிலைக் கையில் கொடுத்தால் பிடித்துக்கொண்டு, மணி அடிக்கும் வரை காகிதத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆளைப் போடலாம் என்று விதி இருந்தது. அந்த விதியின்படி இரண்டு வருஷத்துக்கு முன்னால், மிளகு முதல் வகுப்பில் இருந்தபோதே, ஜன்னலோர மேசையில் கொண்டை மிஸ்ஸுக்கு ஒரு குட்டி நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் மோவாயை இடிக்கும். பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு ஏறியபோது டீச்சரும் மிஸ்ஸும் கூடவே ஏறினார்கள்.

இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பிள்ளையின் கைமேல் உன் கையை வைத்து எழுத வை. பழகியதும் மணிக்கட்டை மட்டும் பிடி. அப்புறம் முழங்கையில் இரண்டு விரல். அப்புறம் அதையும் எடுத்துவிடு. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அம்மாள் அந்தக் கடைசிப் படியை மட்டும் அழுத்திச் சொன்னார். கொண்டை மிஸ் முதல் இரண்டு படியையும் மளமளவென்று ஏறினாள். மூன்றாவதில் மிளகு எழுதினாள் பாருங்கள், அத்தனையும் முத்து முத்தான எழுத்து. முழங்கையில் விரல் பட்டால் போதும், பென்சில் தானாக ஓடும். டீச்சர் அந்தத் தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டி, மிளகு சொந்தமாக எழுதிவிட்டாள், எல்லாரும் கை தட்டுங்கள் என்றார். சொந்தமாக இல்லை டீச்சர் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். கொண்டை மிஸ் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் சும்மா இல்லை, அதுதான் விஷயம்.

நாளையிலிருந்து விரலை எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் எடுத்தும் பார்த்தாள். மிளகு எழுதவில்லை. வலது முழங்கையை மட்டும் மிஸ் பக்கமாக லேசாக நீட்டிக்கொண்டு, தலையைத் திருப்பாமல் காத்திருந்தாள். கேட்கத் தெரியாத பிள்ளை கேட்கிற விதம் அது. அந்த முழங்கையைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? இன்னிக்கு இருக்கட்டும், நாளைக்கு எடுக்கலாம் என்று விரலை வைத்தாள். அடுத்த நாளும் அதையே சொல்லிக்கொண்டாள். நான்காம் படிக்கு ஏற வேண்டியவள் மூன்றாம் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டாள்.

இதைக் கண்டுபிடித்தது விசில் அக்கா ஒருத்திதான். அவளும் உதவியாள்தான், மைதானம் அவள் ராஜ்ஜியம். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும், வாயிலிருந்து இனிப்பாக ஒன்றும் வராது. ஒருநாள் சாமான் அறையில் டீயை ஆற்றிக்கொண்டே, "கையை எடுடி. அந்தப் பிள்ளை பென்சிலால எழுதல, உன் விரலால எழுதுது" என்றாள். கொண்டை மிஸ் எடுக்கிறேன் எடுக்கிறேன் என்று சிரித்து மழுப்பினாள். டீச்சருக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. அறை நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவருக்கு, சத்தம் வராத ஒரு மூலை கிடைத்தால் அந்தப் பக்கம் திரும்பத் தோன்றுமா?

மிளகின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. சோப்பில் ஊறி வெளுத்த கையோடு, ஓட்டமும் நடையுமாகத்தான் சாயங்காலம் வாசலுக்கு வந்து சேருவாள். வீட்டில் இவளும் மகளும் மட்டும். ஒருநாள் அவள் மனம் விட்டுக் கேட்டாள். "உங்ககிட்ட இவ்வளவு அழகா எழுதறா. வீட்டுல நான் கெஞ்சினாலும் ஒரு எழுத்து எழுத மாட்டேங்கறா. என்கிட்ட மட்டும் ஏன் மிஸ் இந்த அடம்?"

கொண்டை மிஸ்ஸுக்குப் பதில் தெரியும். ஆனாலும் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் எந்த நாளும் சொல்கிற வார்த்தை அது, அதனால் நாக்கு கூசவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில்தான் கூசியது.

பருவம் முடியும் நேரத்தில் மதிப்பீட்டுக்கு மேலிடத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார் என்று தகவல் வந்தது. மிளகு இந்தப் பள்ளியில் தொடர்வதா, ஊரின் அந்தக் கோடியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருக்கிற தனிப்பள்ளிக்குப் போவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தானாக நாலு வரி எழுதிவிட்டால் தொடரலாம். தனிப்பள்ளி காலையில் தாமதமாகத் திறக்கும், மதியமே மூடிவிடும். சலவைக்கூடத்து ஷிஃப்டை அதற்குள் எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது. அங்கே போட்டால் நான் வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் இவளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். "அதான் நல்லா எழுதறாளே. எனக்கென்ன பயம்?"



அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கொண்டை மிஸ் விரலை எடுக்கப் பார்த்தாள். அவசரத்தில் செய்கிற காரியம் உருப்படுமா? மிளகு முழங்கையை நீட்டுவாள், இவள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள், மிளகு இன்னும் கொஞ்சம் நீட்டுவாள். கடைசியில் நாற்காலியிலிருந்து சரிந்து விழுகிற அளவுக்குச் சாய்ந்துவிடுவாள். இவள் பதறிப்போய்ப் பிடிப்பாள். பிடித்த கை முழங்கையில் பட்டதும் பென்சில் ஓடும். இப்படியே மேடம் வருகிற நாளும் வந்தது.

மேடம் பார்க்கப் பயப்படும்படியான ஆள் இல்லை. மெல்லிய குரல், நரைத்த தலை, தோளில் ஒரு துணிப்பை. பிள்ளைக்குப் புது முகம் பார்த்து மிரட்சி வரக்கூடாது என்பதால் உதவியாள் தன் வழக்கமான இடத்திலேயே உட்காரலாம் என்றார். ஆனால் பேசக்கூடாது, தொடக்கூடாது, கண்ஜாடையும் கூடாது. மிளகின் முன்னால் ஒரு படத்தை வைத்தார். மழையில் ஒரு சிறுமி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் ஒரு நாய் நனைகிறது. இதைப் பற்றி உனக்குத் தோன்றியதை எழுதம்மா என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

மிளகு படத்தைப் பார்த்தாள். நாயை ரொம்ப நேரம் பார்த்தாள். பென்சிலை எடுத்து, மூன்று விரலால் சரியாகப் பிடித்து, காகிதத்தில் ஊன்றினாள். அவ்வளவுதான். பென்சில் அங்கேயே நின்றது.

சுவரில் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. மற்றப் பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள், டீச்சர் அவர்களுக்கு நடுவில் நடந்துகொண்டே ஒரு கண்ணை இங்கே வைத்திருந்தார். கொண்டை மிஸ் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தாள், எங்கே தானாகக் கிளம்பிவிடுமோ என்று. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவசரமில்லை கண்ணு, மெதுவா எழுது என்றார். மிளகு நிமிரவில்லை. முழங்கை மட்டும் நகர்ந்தது. முதலில் ஒரு விரற்கடை, அப்புறம் இன்னும் கொஞ்சம். கொண்டை மிஸ்ஸின் இடுப்பை அது தொட்டுவிடும்போல வந்து நின்றது.

எழுதிடு கண்ணு, எழுதிடு என்று அவள் உள்ளுக்குள் மன்றாடினாள். மேடம் பேனாவின் மூடியைத் திறந்தார். எதையோ குறிக்கப் போகிறார். பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டுகிற சாவியின் சத்தமே காதில் கேட்டதுபோல இருந்தது கொண்டை மிஸ்ஸுக்கு.

அந்த நேரம் பார்த்து முன் வரிசையில் ஒரு வாண்டு வண்ணத் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்தது. நீலத் தண்ணீர் மேசையெல்லாம் ஓடி, பக்கத்துப் பிள்ளையின் மடியில் கொட்டி, அது வீல் என்று கத்தியது. மற்ற நாளாக இருந்தால் துணியை எடுத்துக்கொண்டு ஓடுகிற முதல் ஆள் கொண்டை மிஸ்தான். இன்றைக்கு டீச்சர் ஓடினார். மேடம் திரும்பிப் பார்த்தார். தொடைக்கு அடியில் இருந்த கை வெளியே வந்ததும், முழங்கையின் அடியில் இரண்டு விரல் பட்டதும், எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் மேசை மறைவில் அங்கேயே தங்கியதும் கண் மூடித் திறக்கிற நேரம்.

மேடம் இந்தப் பக்கம் திரும்பியபோது மிளகு எழுதிக்கொண்டிருந்தாள். மழை பெய்கிறது. குடை பெரியது. நாய் நனைகிறது. நாயிடம் குடை இல்லை.

மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தாளை எடுத்து இரண்டு தடவை படித்தார். டீச்சரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கொண்டை மிஸ்ஸின் தோளில் கை வைத்து, "இனிமே இந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல ஆளே வேண்டாம். உங்க வேலை முடிஞ்சுதும்மா, நல்லபடியா முடிச்சிருக்கீங்க" என்றார்.

இது கொண்டை மிஸ்ஸின் கணக்கிலேயே இல்லை. பிள்ளை ஜெயித்தால் எல்லாம் பழையபடி இருக்கும், பழைய மேசை, பழைய நாற்காலி, பழைய விரல் என்று நினைத்திருந்தாள், பைத்தியக்காரி. நன்றாக எழுதுகிற பிள்ளைக்கு எதற்கு ஆள்? நியாயம்தானே. தனிப்பள்ளியிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, பிள்ளையை நட்டாற்றில் விட்டுவிட்டாள். முடிவை எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டுப் போனார் மேடம். நாளை சாயங்காலம் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் முடிந்தது கதை.

அன்றைக்கு வாசலில் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு அழுதே விட்டாள். கொண்டை மிஸ்ஸின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இந்தக் கைதான் மிஸ்" என்றாள். கொண்டை மிஸ் அந்தக் கையை மெல்ல உருவிக்கொண்டாள். வீட்டில் வீட்டுக்காரர், அதான் பிள்ளை ஜெயிச்சாச்சே, எழவு விழுந்த மாதிரி ஏன் உட்கார்ந்திருக்கே என்று கேட்டார். தலைவலி என்றாள். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் பிள்ளை போகும். இரவெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் புரண்டாள்.

மறுநாள் காலை வகுப்பில் ஜன்னலோர மேசையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. இன்றைக்கே பழக்கிவிடலாம் என்று குட்டி நாற்காலியை டீச்சர் எடுத்துப் பின்னால் போட்டிருந்தார். கொண்டை மிஸ்ஸுக்கு அறையின் மறு கோடியில், சுவரில் ஒட்டுவதற்கு வண்ணக் காகித இலைகள் கத்தரிக்கிற வேலை.

டீச்சர் எல்லாருக்கும் தாள் கொடுத்தார். நேற்று மிளகுக்குக் கொடுத்த அதே படத்தைப் பலகையில் மாட்டி, இதைப் பற்றி எழுதுங்கள் என்றார். நேற்று எழுதியதையே எழுதட்டுமே, பிள்ளைக்குத் தெம்பாக இருக்கும் என்ற நல்ல எண்ணம்தான். எல்லாத் தலையும் குனிந்தது. மிளகும் பென்சிலை ஊன்றினாள். பிறகு வலது முழங்கை மெல்ல வெளியே வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. காலியான இடத்தைப் பார்த்து அது நீட்டிக்கொண்டு நின்றது.

கொண்டை மிஸ் இலையை வெட்டுகிறேன் என்று இலையின் நடுவில் வெட்டினாள். இன்னொன்றை எடுத்தாள், அதுவும் போயிற்று. எழுதி முடித்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தன. டீச்சர் மிளகின் அருகே வந்து முதலில் கொஞ்சினார், அப்புறம் சொல்லிப் பார்த்தார், அப்புறம் குரல் கொஞ்சம் ஏறியது. நேத்து அந்த மேடத்துக்கு எழுதினியே, எனக்கு எழுத மாட்டியா என்றார். அவருக்கும் மனுஷ மனசுதானே, வலித்தது. எழுதி முடித்துவிட்டுத்தான் விளையாடப் போகணும் என்று சொல்லிவிட்டார்.

இடைவேளை மணி அடித்தது. அறை காலியானது. மைதானத்தில் விசில் கேட்டது. சற்று நேரத்தில் தன் வரிசையில் ஒரு ஆள் குறைகிறதே என்று விசில் அக்கா கதவண்டை வந்து எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் நீட்டிய முழங்கையோடு மிளகு, இந்தக் கோடியில் கத்தரிக்கோலோடு கொண்டை மிஸ். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனாள். அவள் வாயிலிருந்து ஏச்சு வந்திருந்தால் கொண்டை மிஸ் தாங்கியிருப்பாள்.

இடைவேளை முடிந்து பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்கள். தாள் வெள்ளையாகவே இருந்தது. டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்று, "சாயங்காலம் அம்மா வரட்டும், சொல்லிடறேன். இது சுத்தமான அடம்" என்றார்.

அடம். அந்தச் சொல்லை அம்மாவின் வாயில் கேட்டபோது கொண்டை மிஸ் மழுப்பிவிட்டாள். இப்போது அதே சொல் சாயங்காலம் அம்மாவிடம் திரும்பிப் போகப் போகிறது, பள்ளிக்கூடமே முத்திரை குத்திக் கொடுத்ததாக. அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தாள். மடியிலிருந்த இலைகள் தரையெல்லாம் கொட்டின.

"அது அடம் இல்ல டீச்சர்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் நடந்து போய் மிளகின் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, முழங்கையில் இரண்டு விரலை வைத்தாள். மழை பெய்கிறது என்று பென்சில் ஓடியது. விரலை எடுத்தாள். குடை என்ற சொல்லின் பாதியில் பென்சில் நின்றது. வைத்தாள், ஓடியது. எடுத்தாள், நின்றது. டீச்சர் முகம் வெளுத்துவிட்டது.

"நேத்தும் இப்படித்தானா?" என்றார்.

"நேத்தும்தான். ரெண்டு வருஷமா இப்படித்தான்."

தலைமையாசிரியை அறையில் அவள் எதையும் மறைக்கவில்லை. நீலத் தண்ணீர் கொட்டிய நேரத்தையும் சொன்னாள். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையெழுத்துக்காக வைத்திருந்த முடிவை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். மதிப்பீட்டு மேடத்துக்குத் தானே பேசுவதாகச் சொன்னார், விடுமுறை முடிந்து மறுபடி சோதிப்பார்கள், என்ன ஆகும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நாளையிலிருந்து கொண்டை மிஸ் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரக்கூடாது, விசில் அக்கா உட்காருவாள். இவள் வேலையில் இருப்பதா இல்லையா என்பது அப்புறம். எழுந்திருக்கும்போது அவர் கடைசியாக ஒன்று சொன்னார். "அந்த அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். வாசலுக்கு உள்ளே, வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. மிளகு அதில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மா வந்தாள், முகத்தில் நேற்றைய சந்தோஷம் இன்னும் பாக்கி இருந்தது. கொண்டை மிஸ்ஸைப் பார்த்ததும் அது இன்னும் கூடியது. அதைக் கலைக்கப் போகிறவள் இவள்தான். ஆனாலும் சொன்னாள். நின்றுகொண்டே, ஒரே மூச்சில், படிகளைப் பற்றி, விரலைப் பற்றி, டம்ளர் கவிழ்ந்ததைப் பற்றி, மறுபடி நடக்கப்போகிற சோதனையைப் பற்றி. தனிப்பள்ளிக்கும் போக நேரலாம் என்பதையும் விடவில்லை.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தாள். அம்மா தனிப்பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வேறு எதையோ யோசித்தாள்.

"அப்போ வீட்டுல எழுதாம இருந்தது? என்கிட்ட அடம் பிடிக்கலையா அவ?"

"இல்லம்மா. யாராவது தொடணும்னு காத்துக்கிட்டிருந்திருப்பா."

"நான் அடிச்சேன் மிஸ்" என்றாள் அம்மா. "எல்லாருக்கும் எழுதறியே, அம்மான்னா அவ்வளவு இளக்காரமான்னு கேட்டு அடிச்சேன். ஒரு நாள் இல்ல."

வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று தன் வாயால் சொன்ன வார்த்தை எங்கே போய் யார் மேல் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் கொண்டை மிஸ்ஸுக்கு உறைத்தது. வேலை போவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவள் வெடித்து அழுதாள்.

அம்மா அவளைத் தேற்றவில்லை, ஏசவும் இல்லை. பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, வா போகலாம் என்று சொல்ல வந்தவள்போல அவள் முழங்கையைப் பிடித்தாள். மிளகு கால் ஆட்டுவதை நிறுத்தினாள். வெறும் கையின் மூன்று விரல்கள் ஒன்றுகூடி, பென்சில் பிடிப்பது மாதிரி மடங்கின. பெஞ்சின் சிமெண்டில் அந்தக் கை போய் ஊன்றியது.

அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் இன்னொரு கையை நீட்டினாள்.

"ஒரு பென்சில் குடுங்க மிஸ்."

கொண்டை மிஸ் தலையிலிருந்து பென்சிலை உருவிக் கொடுத்தாள். முடி தோளில் சரிந்தது. பையிலிருந்து காலையில் மிளகு பாதியில் விட்ட தாளை எடுத்து பெஞ்சில் விரித்தாள். அம்மாவின் வெளுத்த விரல்கள் முழங்கையில் பட்டதும் மிளகு குடை என்று எழுதினாள், பெரியது என்று எழுதினாள். அம்மாவுக்காக அவள் எழுதிய முதல் எழுத்துகள். அம்மா மூச்சு விடாமல் பார்த்தாள், கண்ணீர் வழிந்து மோவாயில் நின்றது.

விரலை எடுத்துப் பாருங்கம்மா என்றாள் கொண்டை மிஸ். அம்மா எடுத்தாள். பென்சில் நின்றது. முழங்கை அம்மாவின் பக்கம் மெல்ல நீண்டது. அம்மாவின் கை உடனே அதை நோக்கிப் போயிற்று.

"இன்னிக்கு இருக்கட்டும் மிஸ். நாளைக்கு எடுக்கறேன்."

இந்த வாக்கியத்தை வேறொருவர் வாயால் கேட்க நேரும் என்று கொண்டை மிஸ் கனவிலும் நினைத்ததில்லை. குனிந்து, போய்க்கொண்டிருந்த அந்தக் கையை வழியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. நானும் தினம் இதையேதான் சொன்னேன்."

அம்மா கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள், முதலில் கொஞ்சம் பலமாகவே. அப்புறம் இழுப்பதை விட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபடி இருந்துவிட்டார்கள், யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று தெரியாதபடி. மிளகு இன்னும் சாய்ந்தாள். யாரும் தொடவில்லை. கேட்டைப் பூட்ட வந்த வாட்ச்மேன் என்னவென்று கேட்க வாயெடுத்து, முகங்களைப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தோடு கூண்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. மிளகு முதல் முறையாகத் தலையைத் திருப்பி, தொடாமல் இருக்கிற அம்மாவைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு படத்து நாய் ஞாபகம் வந்ததோ என்னவோ, முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு தாளுக்குத் திரும்பினாள்.

பென்சில் நடுங்கியது. ஒரு கோடு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. நா என்ற எழுத்து வந்தது. இரண்டு வருஷத்தில் மிளகு எழுதியதிலேயே ஆகக் கோணலான எழுத்து அதுதான்.